இவை என் எழுத்து: கூட்டக் குறிப்பும் அதன் அடியில் விழும் கையெழுத்தும்

(மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து உலு திராமில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். நீல அட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுத வைத்திருந்த அதே வகைப் புத்தகம். இது ஒரு தோட்டக் கோயிலின் கூட்டக் குறிப்புப் புத்தகம். பதினோரு ஆண்டு அந்தக் கோயிலுக்கு நான் செயலாளர். இதில் ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு எழுத்தின் வலிமையை யாரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். எழுத்தரான கிராணி, வருகைப் பதிவேடான செக்ரோலில் உங்கள் பெயருக்கு நேராகக் குறி போட்டால்தான் அன்று நீங்கள் வேலைக்கு வந்தவர். குறி விழாவிட்டால், வெயில் ஏறும்வரை ரப்பர்ப் பால் எடுத்திருந்தாலும் அந்த நாள் உங்கள் கணக்கில் கிடையாது. சம்பள நாளில் என் அம்மா கைரேகை வைத்த பிறகும் நகராமல் நின்று, குறி தவறிய ஒரு நாளைக் கிராணியிடம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதப்படாத நாளுக்குக் கூலி இல்லை என்பது நன்றாகத் தெரியும்.

ஒரு மன்றத்தின் கூட்டக் குறிப்பும் இந்தச் செக்ரோலைப் போன்றதுதான். நகராண்மைக் கழகமோ, கிராம சபையோ, கோயில் நிர்வாகமோ, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கூடிப் பேசியவர்கள் எழுந்து போன பிறகு அங்கே என்ன முடிவானது என்று சொல்ல அந்த அறையில் மிஞ்சுவது அந்தக் குறிப்பு ஒன்றுதான். அறையில் இல்லாதவர்களுக்காகத்தான் அதை எழுதுகிறோம். வராதவருக்காக, வர முடியாதவருக்காக, இன்னும் பிறக்காதவருக்காக.

இதில் நாம் கற்றுக்குட்டிகள் அல்லர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் இரண்டு கல்வெட்டுகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தகச் சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் ஒன்று. 14ஆம் ஆட்சியாண்டில், 921இல் இன்னொன்று. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிப் பாடத்தில் வருவது இதுதான். முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னது எல்லாம் நமக்குத் தெரியும். மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்தக் கல்வெட்டு என்ன வகை ஆவணம் என்பதை நாம் கவனிப்பதில்லை. அது ஒரு சபைக் கூட்டத்தின் தீர்மானம். எந்த ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சபை, அரசனின் ஆணையோடு வந்து உடனிருந்த அதிகாரி யார், என்ன முடிவு செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், கடைசியில் சபையார் சொல்ல இதை எழுதியவன் இன்ன மத்தியஸ்தன் என்று எழுதியவரின் பெயரோடு முடிகிறது. அப்படி எழுதியவர் பெயர் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு கூட்டக் குறிப்பை யார் எழுதினார் என்று இன்று நம்மால் பெயர் சொல்ல முடிகிறது. நம் சங்கங்களின் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பை எழுதியது யார் என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

இன்னொன்றும் கவனியுங்கள். 919இல் வகுத்த விதிகள் இரண்டே ஆண்டில் போதாமல் போயின. வயது வரம்பை மாற்ற வேண்டியிருந்தது. முன்னதில் 30 முதல் 60 வரை, பின்னதில் 35 முதல் 70 வரை. தகுதிகளையும் தடைகளையும் விரிவாக எழுத வேண்டியிருந்தது. அதற்காக அவர்கள் பழைய கல்லைச் செதுக்கி அழிக்கவில்லை. மறுபடி கூடினார்கள், புதிய தீர்மானம் போட்டார்கள், அதையும் வெட்டினார்கள். இரண்டும் இன்றும் அந்தச் சுவரில் இருக்கின்றன. தவறிய முடிவும் திருத்திய முடிவும் பக்கத்தில் பக்கத்தில். கூட்டக் குறிப்பு வைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடத்தை நான் எங்கும் படித்ததில்லை. அந்த இரண்டாம் தீர்மானத்தில் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடவோலைக்கு ஆகார் என்று ஒரு விதி இருக்கிறது. பதவியையும் பதிவையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்.

அந்தச் சபை எல்லாருக்குமான சபையாக இருக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்கள் மட்டுமே உள்ளே வந்தார்கள். உழுதவர்களும் பெண்களும் அந்த எழுத்தில் இல்லை. பதிவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், யாரை உள்ளே விட்டோம் என்ற கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது. இதை நினைவில் வையுங்கள், நான் இதற்குத் திரும்பி வருவேன்.

சோழர் கால ஆவணங்களில் கையொப்பம் இடும் முறைக்கு ஒரு வாய்பாடு உண்டு. ‘இவை இன்னார் எழுத்து’ என்றோ ‘இவை என் எழுத்து’ என்றோ முடிப்பார்கள். கையெழுத்து என்ற நம் சொல்லின் பிறப்பே அங்கே தெரிகிறது. எழுதத் தெரியாதவர் தம் அடையாளமாக ஒரு கீறல் இடுவார். அது அவருடைய தன் குறி, தற்குறி. பக்கத்தில் எழுத்தறிந்த ஒருவர் இது இன்னாருடைய குறிதான் என்று சாட்சியாக எழுதுவார். இன்று தற்குறி என்பதை வசையாகச் சொல்கிறோம். அன்று அது எழுதத் தெரியாதவனுக்கும் ஆவணத்தில் இடம் கொடுத்த ஏற்பாடு. என் அம்மாவின் கைரேகையும் ஒரு தற்குறிதான். அதற்குப் பக்கத்தில்தான் யாரும் சாட்சி எழுதவில்லை.

மலாயாவோடு தொடர்புள்ள ஒரு சோழ ஆவணத்தையும் சொல்லாமல் போகக் கூடாது. நெதர்லாந்துக்குப் போனதால் லெய்டன் பெரிய செப்பேடு என்று பெயர் பெற்றது. 21 ஏடுகள். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 அளவில், ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. கடாரம் என்பது நம் கெடா. அந்தச் செப்பேட்டில் கொடைக்கு நிகராக என்னைக் கவர்வது அதில் தெரியும் அலுவலக முறை. அரசன் வாயால் சொன்னது திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் எழுதுகிறவர் ஒருவர். எழுதியதைச் சரிபார்த்து ஒப்புகிற ஓலைநாயகங்கள் வேறு. பிறகு வரிக்கணக்கில் ஏற்றுகிறவர்கள் தனி. கடைசியில் ஊரில் பெண் யானையை நடத்தி எல்லை காட்டி, சுற்றுவட்டாரத்து ஊரார் பெயர் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். சொன்னவர், எழுதியவர், சரிபார்த்தவர், பதிந்தவர், சாட்சியானவர் என்று ஆள் ஆளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவரே எல்லாமாக இருந்தால் அந்த எழுத்தை நம்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி இன்றைய சட்டத்துக்கு வருவோம்.

நம் நாட்டு ஊராட்சிச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தின் வழியில் வளர்ந்தது. ஆகையால் அந்த மரபைப் பார்த்தால் கையெழுத்தின் பொருள் துலங்கும். இங்கிலாந்தின் 1972ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தன் 12ஆம் அட்டவணையில் நான்கு செய்தி சொல்கிறது. கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்களின் பெயரைப் பதிய வேண்டும். நடவடிக்கைகளைக் குறிப்பாக எழுதி அதற்கென்று வைத்த புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அதே கூட்டத்திலோ அடுத்து வரும் தகுந்த கூட்டத்திலோ தலைமை வகிப்பவர் அதில் கையெழுத்திட வேண்டும். அப்படிக் கையெழுத்தானதாகக் காணப்படும் குறிப்பை, வேறு நிரூபணம் கேட்காமல் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கும். தனித் தாள்களில் எழுதுவதானால் ஒவ்வொரு தாளுக்கும் தொடர் எண் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் தலைவர் சுருக்கொப்பம் இட வேண்டும். நடுவில் ஒரு தாளை உருவிவிட்டு வேறொன்றைச் சொருக முடியாதபடி செய்த ஏற்பாடு இது.

அமெரிக்காவில் ஊராட்சியின் ஓர் அடுக்குக்குக் கவுண்டி என்று பெயர். அங்கே ஒஹாயோ மாநிலத்துச் சட்டப்படி, கவுண்டி ஆணையர்கள் கூடும்போது முந்திய அமர்வின் பதிவை எழுத்தர் முதலில் வாசிக்க வேண்டும். சரியாக இருந்தால் ஆணையர்கள் அதை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். தலைவர் மட்டும் போதாது. நினைவு ஆறுவதற்குள், முடிவெடுத்த கைகளே ஒப்பமிட வேண்டும் என்ற கவலை அந்த விதியில் தெரிகிறது.

கையெழுத்தைப் பற்றி நம் சங்கங்களில் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. தலைவர் கையெழுத்திட்டால் அந்த முடிவை அவர் ஆதரிக்கிறார் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் பிடிக்காத தீர்மானம் நிறைவேறினால் தலைவர் கையெழுத்துப் போட மறுத்து வீட்டுக்குப் போய்விடுகிறார். கையெழுத்து சொல்வது அதுவல்ல. நடந்தது இதுதான், எழுதியது சரிதான் என்று மட்டுமே அது சொல்கிறது. தாம் தோற்ற வாக்கெடுப்பின் குறிப்பிலும் தலைவர் கையெழுத்திடக் கடமைப்பட்டவர். அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசிக்கும்போது, எழுதியது சரியா என்பதைத்தான் பேசலாம். முடிவு சரியா என்ற பழைய சண்டையை அங்கே திரும்பத் தொடங்கக் கூடாது. அதற்கு வேறு தீர்மானம், வேறு நிகழ்ச்சி நிரல் வேண்டும். உத்திரமேரூரார் செய்தது அதைத்தான்.

கையெழுத்து விழாத குறிப்பு செல்லாதா என்று கேட்பார்கள். முடிவு, எடுத்த கணத்திலேயே முடிவுதான். கையெழுத்து அதைப் பெற்றெடுப்பதில்லை. 1916இல் இங்கிலாந்தில் ஃபயர்புரூஃப் டோர்ஸ் என்ற கம்பெனி வழக்கில், குறிப்பில் ஏறாத தீர்மானத்தையும் வேறு சாட்சியங்களால் நிரூபிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. மறுபக்கத்தில், 1940இல் கெர் என்பவர் தொடுத்த வழக்கில், கையெழுத்தான குறிப்பே முடிந்த முடிவான சாட்சியம் என்று கம்பெனியின் விதி சொல்லியிருந்ததால், மோசடி இல்லாதவரை அதை எதிர்த்துப் பேச முடியாது என்று தீர்ப்பானது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் எல்லாரும் வாழ்கிறோம். கையெழுத்து இருந்தால், பொய் என்று சொல்கிறவர் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால், மெய் என்று சொல்கிற நாம் நிரூபிக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், நிரூபிக்கும் பாரம் யார் தோளில் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

கையெழுத்து முந்திக்கொள்வதும் ஆபத்து. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறாகியிருக்கின்றன. ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்று விதி உண்டு. சிற்றூருக்கு 50 பேர், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஊருக்கு 300 பேர். வந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள். அங்குள்ள ஊர் மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இது. கையெழுத்தை முதலில் வாங்கிவிடுகிறார்கள், தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்கிறார்கள். வெற்றுத் தாளில் நூறு கையெழுத்து இருந்தால் அதற்குமேல் எதையும் எழுதலாம். அதனால் விவரமறிந்த இளைஞர்கள் தீர்மானத்தைச் சபையிலேயே எழுதி, உரக்க வாசித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு கிழித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம் என்று நிற்கிறார்கள். தீர்மான நகலை அங்கேயே கேட்கிறார்கள். அந்த ஒற்றைக் கோட்டின் அருமை எழுத்தர் வேலை பார்த்தவனுக்குத் தெரியும்.

மலேசியாவுக்கு வருகிறேன். போருக்குப் பின் இந்த நாட்டின் முதல் ஊராட்சித் தேர்தல் 1951 டிசம்பர் 1இல் ஜார்ஜ் டவுனில் நடந்தது. அது மற்ற ஊர்களுக்கும் பரவிப் பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. 1965 மார்ச்சில், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் நடைமுறையை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடிந்த அறிக்கையில் அந்த ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் எண் சட்டம், தன் 15ஆம் பிரிவில் தேர்தல் தொடர்பான விதிகள் எல்லாம் செயலற்றுப் போகும் என்று எழுதிவிட்டது. டத்தோ பண்டாரோ தலைவரோ ஒருவர், எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் கவுன்சிலர்கள். எல்லாரும் மாநில அரசின் நியமனம். கவுன்சிலரின் தவணை மூன்று ஆண்டுக்கு மேற்படாது.

இதன் பொருளை நிதானமாக யோசியுங்கள். நாம் சுக்காய் பிந்து என்னும் வீட்டு வரி கட்டுகிறோம். குப்பை லோரி எந்த நாள் வரும், கால்வாய் எப்போது தூர்வாரப்படும், வீட்டுக்குப் பின்னால் தொழிற்சாலை எழும்பலாமா, சாலையோரம் கடை போட்டிருப்பவருக்கு உரிமம் புதுப்பிக்கப்படுமா என்பதெல்லாம் அந்த மன்றத்தில் முடிவாகிறது. முடிவெடுக்கிறவரை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை, வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் வரி செலுத்துகிறவனின் கையில் மிஞ்சுவது, என்ன முடிவு செய்தார்கள் என்பதைப் பார்க்கும் கண்தான். ஆகவே தேர்தல் உள்ள ஊரைவிடத் தேர்தல் இல்லாத ஊரில்தான் கூட்டக் குறிப்பு கூடுதலாக மதிக்கப்பட வேண்டும்.

அந்தக் கண்ணைச் சட்டமே கொடுத்திருக்கிறது. 171ஆம் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மன்றம் தீர்மானம் போட்டு மூடினால் மட்டுமே விலக்கு. உலு திராமில் கால் நூற்றாண்டாகக் குடியிருக்கும் நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன், முழுக்கூட்டத்தில் போய் உட்காரலாம் என்று தெரியுமா என்று. தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாம் முகப்பில் நம்பர் எடுத்து மனுக் கொடுக்கப் பழகியவர்கள். மன்றத்தின் கதவைத் தள்ளிப் பார்க்கப் பழகவில்லை.

ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு கதவு சாத்தியும் இருக்கிறது. செயற்குழுக்களுக்கு அது பொருந்தாது. குழுவே விரும்பித் தீர்மானித்தால்தான் அதைத் திறக்கும். வேலை நடப்பதோ குழுக்களில். நிதிக் குழு, உரிமக் குழு, திட்டக் குழு என்று அங்கே பேசி முடித்து, முழுக்கூட்டத்தில் ‘குழுவின் அறிக்கை ஏற்கப்பட்டது’ என்ற ஒரே வரியில் எல்லாம் கடந்துபோகும். திறந்த கூட்டத்தில் போய் உட்கார்ந்தவருக்குக் கேட்பதும் அந்த ஒரு வரிதான். ஆகவே கூட்டம் திறந்திருப்பது மட்டும் போதாது. குழுவின் அறிக்கை குறிப்போடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், எந்த விண்ணப்பம், என்ன காரணம், யார் எதிர்த்தார், சொந்த நலன் இருப்பதைச் சொல்லிவிட்டு யார் அறையை விட்டு வெளியே போனார் என்பவை அதில் இருக்க வேண்டும். மாநில ஆட்சிக்குழுவின் ஆவணங்கள் 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்தின் அட்டவணையிலேயே இரகசியம் என்று எழுதப்பட்டவை. ஊராட்சி மன்றத்தின் முழுக்கூட்டத்தைச் சட்டமே திறந்து வைத்திருக்கும்போது, அதன் குறிப்பை அதே பூட்டுக்குள் வைப்பதற்கு நியாயம் இல்லை. பினாங்கு 2010இலும் சிலாங்கூர் 2011இலும் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றிக் குடிமக்கள் ஆவணத்தைக் கேட்டுப் பெற வழி செய்தன. ஜொகூருக்கும் அது வர வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். சட்டம் வரும்வரை காத்திருக்காமல், நம் வட்டாரத்துக் கவுன்சிலரைப் பார்க்கும்போது, போன முழுக்கூட்டத்தின் கையெழுத்தான குறிப்பைக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்டுக் கேட்டுத்தான் பழக்கம் உண்டாகும்.

மன்றத்தை நோக்கி விரல் நீட்டும் முன் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். நம் கோயில்களும் மன்றங்களும் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு அணியாகப் பிரிந்து நாங்களே நிர்வாகம் என்று இருவரும் சொன்னால், பதிவாளர் கேட்கும் முதல் கேள்வி எந்தக் கூட்டத்தில் யார் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதுதான். அப்போது புத்தகத்தைத் தேடுகிறோம். பழைய செயலாளரின் வீட்டில் இருக்கிறது என்பார்கள், அவர் தர மாட்டேன் என்கிறார் என்பார்கள். 60 நாள் கெடு நெருங்கும்போது ஒரே இரவில் உட்கார்ந்து, முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் என்று நினைவில் வந்த பெயர்களைப் போட்டுக் குறிப்பு தயாரிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், கோயிலுக்காக உழைத்தவர்கள். ஆனால் அந்த இரவில் எழுதியது குறிப்பு ஆகாது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு கூட்டங்கள் கைப்பேசித் திரைக்கு மாறின. கட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ஒப்புதல் என்கிறார்கள். ஒப்புதல் காட்டியதற்கு அது அடையாளமாகலாம். ஆனால் யாருடைய ஒப்புதல், எந்த வாசகத்துக்கு என்பதை யாராவது எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்து, தலைவர் ஒப்பமிட வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கிறது.

செயலாளர்களாக இருக்கும் இளைஞர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, முடிந்தது என்று எழுதுங்கள். தீர்மானத்தின் வாசகத்தை நீங்கள் வீட்டில் அழகுபடுத்தாதீர்கள், சபையில் சொன்னபடியே எழுதி அங்கேயே ஒருமுறை வாசியுங்கள். தவறினால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒரே கோட்டால் அடித்து, பழைய சொல் படிக்கத் தெரியும்படி விட்டு, மேலே திருத்தி, தலைவர் ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடட்டும். எதிர்த்து வாக்களித்தவர் தம் பெயரைப் பதியச் சொன்னால் முகம் சுளிக்காமல் பதியுங்கள். வந்தவர் பட்டியலை எழுதும்போது அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அடுப்படிப் பக்கமும் பாருங்கள்.

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். இருபது ஆண்டுக்கும் முன்பு, எங்கள் கோயில் இருந்த தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட இருந்தது. தோட்ட நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கே வந்தார். கோயிலைச் சுற்றி அரை ஏக்கர் விட்டுவிடுவோம், எல்லைக்கல் நடும்போது உங்களைக் கூப்பிடுவோம் என்று சொன்னார். எல்லாரும் கைதட்டினோம். அன்றிரவே நான் குறிப்பை எழுதினேன். நல்ல கையெழுத்தில், ஓர் அடித்தல் இல்லாமல் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் வாங்கலாம் என்று இருந்தேன். திருவிழா வந்தது. பிறகு இடம்பெயர்கிறவர்களின் வீட்டு வேலை. ஏழு மாதம் நாங்கள் கூடவே இல்லை. அதற்குள் தலைவர் காலமாகிவிட்டார்.

எல்லைக்கல் நட வந்தபோது எங்களைக் கூப்பிடவில்லை. வக்கீல் அலுவலகத்தில் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றும் வாதாடவில்லை. விரலைக் கடைசியில் இருந்த கோட்டின்மேல் வைத்து, இதில் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். அன்று கூட்டத்துக்கு வந்ததாக நான் எழுதியிருந்த ஒன்பது பேரில் தலைவர் போய்விட்டார். மூன்று பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் விலகிக்கொண்டார்கள். மற்றவர்களில் சிலர் ஞாபகம் இல்லை என்றார்கள். தெளிவாக ஞாபகம் வைத்திருந்தவர்கள் மூன்று பெண்கள். அன்று தேநீர் கொண்டுவந்து, அந்த மனிதர் பேசி முடிக்கும்வரை கதவோரம் நின்று கேட்டவர்கள். அரை ஏக்கர் என்று சொன்னார், வேப்பமரத்திலிருந்து கிணறுவரை என்று கையை நீட்டிக் காட்டினார் என்று சத்தியப் பிரமாணம் செய்தார்கள். அப்படியானால் குறிப்பில் உங்கள் பெயர் ஏன் இல்லை என்று அவர்களைக் கேட்டார்கள். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களுடைய வாக்குமூலத்தை வைத்துத்தான் கடைசியில் சமரசம் பேசினோம். கிணறு போய்விட்டது. வேப்பமரமும் கோயிலும் நின்றன.

இந்தப் பக்கத்தை நீங்கள் வந்து பார்க்கலாம். தேதி இருக்கிறது, ஒன்பது பேர் இருக்கிறார்கள், அரை ஏக்கர் என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதியிருக்கிறது. பிறகு வந்த தலைவர்கள் இரண்டு பேர் இதில் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்தக் கூட்டத்தைக் கண்ட சபை கூடி ஒப்பாத பக்கம் இது. அந்த மூன்று பெண்களின் பெயர்களை நான் இந்தப் பக்கத்தில் நுழைக்கவும் இல்லை. அடுத்து நடந்த கூட்டத்தின் குறிப்பில், முந்திய கூட்டத்தில் இவர்களும் இருந்தார்கள், செயலாளர் எழுதத் தவறினார் என்று தனித் தீர்மானமாகப் பதிந்தேன். அதைச் சபையில் வாசித்தேன். முன்மொழிந்ததும் வழிமொழிந்ததும் அந்த மூவரில் இருவர். புதிய தலைவர் அதன் அடியில் கையெழுத்திட்டிருக்கிறார். இரண்டு பக்கங்களும் எதிரெதிரே இருக்கின்றன. புத்தகத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன்.